இழுவைக் கருவி கைகொடுக்காதபோது: இஎஸ்டி மேசையில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வயிற்றைத் திறந்து அறுவை செய்பவர் இடது கையால் திசுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் வெட்டுகிறார். உணவுப்பாதையின் உள்ளிருந்தே கட்டியை ஒரே துண்டாக உரித்தெடுக்கும் இஎஸ்டி சிகிச்சையில், ஸ்கோப்பின் (நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயின்) ஒரே துளை வழியாகக் கத்தி இறங்கிவிட்டால், தூக்கிப் பிடிக்க வேறு கை கிடையாது. அந்தக் கையின் வேலையைச் செய்வதற்காகவே நூல் கட்டிய கிளிப், ஸ்பிரிங்கும் வளையமும் சேர்ந்த கிளிப், பல்வரிசையைச் சீராக்க மாட்டும் சிறு ரப்பர் வளையம், நிட்டினால் என்ற நெகிழும் உலோகக் கம்பி வளையம், பலூன் பொருத்திய உறைக்குழாய் எனப் பல இழுவைக் கருவிகள் வந்திருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் எண்டோஸ்கோப்பி அறைக்கு இவை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து சேர வேண்டியவை. ராண்டின் மதிப்பு இறங்கினால் விலை ஏறிவிடும். மாதிரிக்கென்று சில பெட்டிகள் வரும். அவற்றைக் கொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று கொள்முதல் குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. ஈஸ்டர்ன் கேப் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். ஆனால் பெரும்பாலோர் கஞ்சிகூட இறங்காத நிலையில்தான் வருகிறார்கள், அவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதைத் தவிர நம்மால் அதிகம் செய்ய முடிவதில்லை. உரித்தெடுக்கக்கூடிய ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு வருபவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரின் உடம்பில் நாம் ஒரு கருவியைப் பழகிப் பார்க்கக் கூடாது.

எங்கள் அறையில் தமிழ் பேசுபவர்கள் மூவர்: சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த மூத்த நர்ஸ் சிஸ்டர் ஒருவர், சென்னையிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர் ஒருவர், நான். சிகிச்சை முடிந்ததும் அன்றைய பதிவை ஓடவிட்டுப் பார்த்து, எங்கே தவறியது என்று பேசுவது எங்கள் வழக்கம். அந்தப் பேச்சிலிருந்து எடுத்த குறிப்புகளே இவை. மானிட்டரில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கி, முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும், எப்போதுதான் குற்றத்தைக் கருவியின்மேல் சுமத்தலாம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். கருவி மோசம் என்று நாங்கள் முதலில் எழுதிவைத்த பல குறைகள், பதிவை மறுபடி பார்த்தபோது, இழுத்த திசையின் குறையாகவோ கிளிப் கவ்விய இடத்தின் குறையாகவோ முடிந்திருக்கின்றன.

மதிப்பிடத் தொடங்குமுன் செய்ய வேண்டியது

அளவுகோல் இல்லாமல் பிழை தேடக் கூடாது. ஒவ்வொரு சிகிச்சையிலும் நாங்கள் எழுதுவது: கட்டி இருந்த இடம், எடுத்த துண்டின் நீளமும் அகலமும், கருவியைப் பொருத்தத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், உரிக்க ஆன நேரம், கிளிப் நழுவிய எண்ணிக்கை, தசையில் காயம் உண்டா, துண்டு முழுதாக வந்ததா, விளிம்பில் நோய் உண்டா. துண்டின் பரப்பை நீள்வட்டமாகக் கொண்டு, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் போதும். 40 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் துண்டு என்றால் ஏறத்தாழ 942 சதுர மில்லிமீட்டர். அதை 50 நிமிடத்தில் உரித்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 சதுர மில்லிமீட்டர். மொத்த நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் பெரிய கட்டியில் பயன்படுத்திய கருவி அநியாயமாகத் தோற்றுவிடும்; வேகத்தை ஒப்பிட்டால்தான் கருவிகளை ஒரே தட்டில் வைக்க முடியும். பொருத்தும் நேரத்தைத் தனியே எழுதுங்கள், ஆனால் மொத்தக் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடாதீர்கள். விற்பனைப் பிரதிநிதிகள் காட்டும் காணொளிகளில் அந்த நிமிடங்கள் வெட்டப்பட்டிருக்கும்.

நோயாளியிடம் கொண்டுபோகுமுன், கசாப்புக் கடையில் வாங்கிய பன்றி இரைப்பையைப் பலகையில் ஊசி குத்தி விரித்து, ஒவ்வொரு கருவியையும் குறைந்தது சில தடவையாவது பொருத்திப் பழகுங்கள். மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும் சிறு தொங்கு தராசு ஒன்றை நூலின் மறுமுனையில் மாட்டி இழுத்தால், எந்த இழுப்பில் மடல் (விளிம்பில் உரித்துவிட்ட சளிச்சவ்வு) எழும்புகிறது, எந்த இழுப்பில் கிழிகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். உயிருள்ள திசு இதே எண்ணில் கிழியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதைக் கை அறிந்துகொண்டால் போதும். இந்தப் பழக்கத்துக்கு ஒரு மாலை நேரமும் சில ராண்டுகளும்தான் செலவு.

அறிகுறி: கருவி பொருத்தியாகிவிட்டது, இழுவையும் இருக்கிறது, ஆனால் வெட்டும் தளம் திறக்கவில்லை

இதுதான் மிக அடிக்கடி வரும் குறை, மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறையும் இதுவே. மானிட்டரில் மடல் நகர்கிறது, ஆனால் எழும்பவில்லை. சளிச்சவ்வுக்கும் தசைக்கும் இடையில், சாயம் கலந்த திரவம் ஏற்றியதால் நீலமாகத் தெரியும் அடுக்கு விரிந்து தெரிவதற்குப் பதிலாக, மடல் ஸ்கோப்பின் முகத்துக்கு நேரே வந்து திரைபோலத் தொங்குகிறது. இதைக் கண்டதும் பலரும் செய்வது, இன்னும் பலமாக இழுப்பது. அது தவறு. திசை பிழையாக இருக்கும்போது பலத்தைக் கூட்டினால் பிழைதான் கூடும்.

முதலில் கத்தியை உள்ளே இழுத்துக்கொண்டு ஸ்கோப்பைச் சில சென்டிமீட்டர் பின்வாங்குங்கள். மடல், கிளிப், நூல் அல்லது ஸ்பிரிங், ஸ்பிரிங்கானால் அதன் மறுமுனையைச் சுவரில் பிடித்திருக்கும் நங்கூரமும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். தசைத் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோட்டை மனத்தில் போட்டு, இழுவை அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். செங்குத்தை நெருங்கும் இழுவை அடுக்கைத் திறக்கும். தளத்தோடு படுத்த இழுவை மடலைச் சறுக்க மட்டுமே செய்யும்.

நூல் கட்டிய கிளிப்பில் இழுவை வாயை நோக்கியோ ஆசனவாயை நோக்கியோ மட்டுமே போக முடியும், ஏனென்றால் நூலின் மறுமுனை உடம்புக்கு வெளியே நம் கையில் இருக்கிறது. உணவுக்குழாயில் இது ஒரு குறையே அல்ல: குழாய் நேராக இருக்கிறது, கட்டியின் மேல்விளிம்பில் கிளிப்பைப் போட்டு மெல்ல வாய்ப்பக்கம் இழுத்தாலே அடுக்கு திறந்துவிடுகிறது. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 20 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உணவுக்குழாய்ப் புற்றுகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், சராசரிச் சிகிச்சை நேரம் 60.5 நிமிடத்திலிருந்து 44.5 நிமிடமாகக் குறைந்தது.

இரைப்பையில் கதை வேறு. அதே முறையை 640 நோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்த நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரைப்பையின் மேல், நடுப்பகுதியில் பெரிய வளைவில் (இரைப்பையின் நீண்ட வெளிவிளிம்பில்) இருந்த கட்டிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, சுமார் 104 நிமிடம் ஆன வேலை 57 நிமிடத்தில் முடிந்திருந்தது. காரணம் வடிவத்தில் இருக்கிறது. பெரிய வளைவிலிருந்து உணவுக்குழாய் வாயை நோக்கி இழுக்கும்போது அந்த இழுவை சுவருக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக அமைகிறது. மேலும் அங்கேதான் இரத்தமும் நீரும் தேங்கி, புவியீர்ப்பு நமக்கு எதிராக இருக்கிறது. சிறிய வளைவில் அதே நூல் சுவரோடு படுத்துப் போகிறது. அந்த ஆய்வில் துளை விழுந்தவர்களின் பங்கு 2.2 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்துக் கருவியால் பயனில்லை என்று ஒதுக்கியவர்கள் அந்த எண்ணைத் தவறவிட்டார்கள்.

ஆகவே இரைப்பையிலோ பெருங்குடலிலோ திசை ஒத்துவரவில்லை என்றால், செலவில்லாத வழியை முதலில் எடுங்கள்: நோயாளியைப் புரட்டிப் படுக்க வையுங்கள். கட்டி மேற்பக்கமாக வந்துவிட்டால் மடல் தன் எடையாலேயே தொங்கி விலகும். அது போதாதென்றால், எதிர்ச்சுவரில் இன்னொரு கிளிப்பைப் போட்டு நூலை அதன் வழியாக வளைத்து, கிணற்றுக் கப்பியைப் போலத் திசையை மாற்றலாம். அதற்கும் வழியில்லாத இடத்தில்தான் ஸ்பிரிங் கிளிப் அல்லது ரப்பர் வளையம் தன் மதிப்பைக் காட்டுகிறது: நங்கூரம் எங்கே விழுகிறதோ அதுதான் இழுவையின் திசை. நங்கூரத்தை எதிர்ச்சுவரில் போடுங்கள். ஸ்பிரிங் கத்தியின் பாதைக்குக் குறுக்கே கம்பிவேலி போல நிற்காத இடமாகப் பாருங்கள். இத்தனையும் செய்த பிறகும் தளம் திறக்கவில்லை என்றால், இந்த இடத்துக்கு இந்தக் கருவி பொருந்தாது என்று எழுதலாம். அந்த வாக்கியத்தில் இடத்தின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அறிகுறி: தசை கூடாரம்போல எழும்புகிறது

இதைக் கண்டால் உடனே கத்திக்கு மின்சாரம் தரும் கால்மிதியிலிருந்து காலை எடுங்கள். மற்றக் குறைகள் நேரத்தைத் தின்னும். இந்தக் குறை குடலில் துளை போடும்.

நன்றாக இழுபட்ட அடுக்கில் நீலச் சாயம் ஊறிய மெல்லிய இழைகள் சிலந்திவலை போல நிற்கும், கத்தி பட்டதும் சட்டென்று விலகும். தசை எழும்பியிருக்கும்போது அந்த நீலத்தின் அடியில் வெண்சாம்பல் நிறத்தில் இணையான கோடுகள் தெரியும், தளம் தட்டையாக இல்லாமல் நடுவில் மேடாக வளைந்திருக்கும். கண் பழகிய நேர்கோட்டிலேயே கத்தியை நகர்த்தினால் அந்த மேட்டின் உச்சியைச் சீவிவிடுவோம்.

இது எனக்கு நேர்ந்தது. சிக்மாய்டு குடலில் ஒரு பரந்த கட்டி. மடலின் விளிம்பில் ஒரு கிளிப், எதிர்ச்சுவரில் ஒரு கிளிப், இடையில் ரப்பர் வளையம். தொடக்கத்தில் அடுக்கு மிக அழகாகத் திறந்தது. இரத்தம் கசிந்த ஓர் இடத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினேன். வாயு ஏற ஏறக் குடல் விரிந்தது. சுவர்கள் விலக விலக வளையம் இறுகியது. இறுகிய வளையம் மடலோடு தசையையும் சேர்த்துத் தூக்கியது. நான் கசிவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வளையத்தைப் பார்க்கவில்லை. அடுத்த சில வெட்டுகளில் தசையில் ஒரு சிறு துளை விழுந்தது. அதைக் கிளிப்பால் மூட முயன்றபோது முதல் கிளிப் கவ்வவில்லை, ஏனென்றால் வளையம் துளையின் உதடுகளை இன்னும் விரித்துப் பிடித்திருந்தது. வளையத்தை வெட்டிவிட்ட பிறகே உதடுகள் சேர்ந்தன. நோயாளி ஆன்டிபயாட்டிக்கோடு சில நாள் வார்டில் இருந்து நலமாக வீடு திரும்பினார். அன்று மாலை பதிவை ஓடவிட்டபோது, துளை விழுவதற்கு முன்பே திரையின் மேல்மூலையில் வளையம் நூல்போல மெலிந்து நீண்டிருந்ததை மூவரும் பார்த்தோம்.

அதிலிருந்து எங்கள் வரிசை இதுதான். தசை எழும்பினால் முதலில் வாயுவை உறிஞ்சுங்கள். ஸ்பிரிங், ரப்பர் வளையம் போன்ற உள்நங்கூரக் கருவிகளில் இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் நம்மிடம் உள்ள திருகு வாயுவின் அளவே. நூலாக இருந்தால் உதவியாளரிடம் விடச் சொல்லுங்கள். பிறகு அடுக்கில் திரவத்தை மறுபடி ஏற்றி மெத்தையைத் தடிப்பாக்குங்கள். அதன்பின் வெட்டுக்கோடு மேட்டின் வளைவைப் பின்பற்றிப் போகட்டும். துளை விழுந்துவிட்டால், மூடுமுன் இழுவையை அவிழ்த்துவிடுங்கள்.

கருவியை மதிப்பிடுபவர் இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கருவியின் இழுவையை நடுவழியில் குறைக்க முடியுமா? நூலில் முடியும், உடனே முடியும். ஸ்பிரிங்கிலும் ரப்பரிலும் வாயு வழியாக ஓரளவு முடியும். பெருங்குடல், அதைவிட மெல்லிய சுவருள்ள சிறுகுடல் முற்பகுதி ஆகியவற்றில், குறைக்க வழியில்லாத இழுவையை நான் ஏற்கமாட்டேன், அது எவ்வளவு அழகாக அடுக்கைத் திறந்தாலும் சரி.

அறிகுறி: கிளிப் நழுவுகிறது, அல்லது மடல் கிழிந்து கிளிப்போடு வருகிறது

பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. சளிச்சவ்வைச் சுற்றிலும் கீறியவுடனே கிளிப்பைப் போட்டால், கவ்வுவதற்கு மடலே இருக்காது. கிளிப்பின் பற்கள் விளிம்பை மட்டும் பிடிக்கும், முதல் இழுப்பிலேயே நழுவும். கீறிய பிறகு விளிம்பின் அடியில் கொஞ்சம் உரித்து, ஸ்கோப்பின் முனையில் மாட்டிய மூடியான ஹூட்டின் நுனி நுழையும் அளவுக்கு ஒரு மடலை உண்டாக்கிவிட்டுப் பொருத்துங்கள். கிளிப்பின் ஒரு கை சளிச்சவ்வின் மேலும் மற்றக் கை மடலின் அடிப்புறத்திலும் அமர வேண்டும். ஆழமாகக் கவ்வும் ஆசையில் கீழ்க்கை தசையைப் பிடித்துவிட்டால் கிளிப் நழுவாது, ஆனால் முந்தைய பகுதியில் சொன்ன கூடாரத்தை நாமே நட்டுவிடுவோம். மூடுமுன் கிளிப்பைச் சற்று அசைத்துப் பாருங்கள். மடல் தனியே ஆடினால் மூடலாம், சுவரும் சேர்ந்து ஆடினால் திறந்து மறுபடி பிடியுங்கள். இதற்காகவே, திறந்து மூடிச் சுழற்றக்கூடிய கிளிப்புக்குச் சில ராண்டுகள் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

முடிச்சும் கவனிக்கத்தக்கது. ஸ்கோப்பை வெளியே எடுத்து, கிளிப்பை அதன் துளை வழியாக நுனிவரை கொண்டுவந்து, சற்றே திறந்து, கிளிப்பின் ஒரு கையின் அடியில் மட்டும் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைக் கட்ட வேண்டும். சிஸ்டர் நூலை இருமுறை சுற்றி, முடிச்சை நகத்தால் கீழே தள்ளி இறுக்கி, நுனியை ஒட்ட நறுக்குவார். பிறகு கிளிப்பை மூன்று தடவை திறந்து மூடிக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். நூல் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டால் கிளிப் உள்ளே போனபின் திறக்காது. ஒருமுறை அப்படி ஆனது. உணவுக்குழாயின் பாதியில் திறக்காத கிளிப்போடு நின்றோம், எல்லாவற்றையும் வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்கினோம். அந்த மூன்று தடவைச் சோதனை அன்றிலிருந்து வந்தது.

பல் ஃப்ளாஸ் இந்த வேலைக்கென்று செய்யப்பட்டதல்ல. இப்படி மாற்றிப் பயன்படுத்துவதானால் உங்கள் மருத்துவமனையின் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புதிய கருவி என்றால், தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் சாப்ராவின் உரிமம் அதை இறக்குமதி செய்பவரிடம் இருக்கிறதா என்று மாதிரிப் பெட்டியைத் திறக்குமுன்னே கேளுங்கள். ஒருமுறைப் பயன்பாட்டுக்கான கருவியைக் கழுவிக் காய்ச்சி மறுபடி பயன்படுத்தி மிச்சம் பிடித்துக் காட்டுவது மதிப்பீடு ஆகாது.

அறிகுறி: ஸ்கோப்பை அசைத்தால் நூலும் சேர்ந்து அசைகிறது

நூலும் ஸ்கோப்பும் உணவுக்குழாயில் உரசிக்கொண்டே போகின்றன. ஸ்கோப்பை உள்ளே தள்ளும்போது நூல் தளரும், பின்வாங்கும்போது இறுகும். கத்தி ஓர் இடத்தில் நிற்க மறுக்கும். உறைக்குழாய் வைத்திருந்தால் நூல் அதன் வெளிப்புறமாகப் போகிறதா, ஸ்கோப்போடு உள்ளேயே போகிறதா என்று பாருங்கள். நூலை ஒரு மெல்லிய குழாய்க்குள் விட்டால் உரசல் வெகுவாகக் குறையும். நோயாளி பல்லால் கடித்திருக்கும் வாய்க்கட்டையின் விளிம்பில் நூல் மடிந்து சிக்கியிருப்பதும் உண்டு.

நூலைப் பிடிப்பவரோடு பேசும் சொற்களை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். “இழுங்க”, “நிறுத்துங்க”, “விடுங்க” என்று மூன்றே சொற்கள் எங்களுக்கு. “கொஞ்சம்” என்ற சொல்லை ஒதுக்கிவிட்டோம். என் கொஞ்சமும் சிஸ்டரின் கொஞ்சமும் ஒன்றாக இருந்ததில்லை.

அறிகுறி: பாதிவரை நன்றாக இருந்தது, பிறகு இழுவை தொய்ந்துவிட்டது

இது கருவியின் இயல்பு, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. உரிக்க உரிக்க மடல் நீண்டு நங்கூரத்தை நெருங்குகிறது. ஸ்பிரிங்குக்கு இழுக்க வேண்டிய தூரம் தீர்ந்துபோகிறது. கொஞ்சம் வாயு கூட்டிப் பாருங்கள், தசையைப் பார்த்துக்கொண்டே. போதவில்லை என்றால் வளையத்தை இன்னொரு கிளிப்பால் பிடித்துத் தொலைவான இடத்தில் மறுபடி நங்கூரமிடுங்கள். பெரிய கட்டி என்று தொடக்கத்திலேயே தெரிந்தால், இரண்டாவது கிளிப்புக்கான நேரத்தையும் விலையையும் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு கிளிப்பின் விலையை மட்டும் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு இரண்டு மூன்று செலவழிப்பது குழுவை ஏமாற்றுவதாகும்.

அறிகுறி: தழும்பு இறுகிய இடத்தில் மட்டும் திறக்கவில்லை

முன்பு பயாப்சி பலமுறை எடுத்த இடம், அல்லது ஏற்கெனவே துண்டு துண்டாக எடுக்க முயன்று பாதியில் விட்ட இடம். திரவம் ஏற்றினால் இரு பக்கமும் எழும்பும், நடுவில் பள்ளம் நிற்கும். நடுவில் இழுத்துப் பயனில்லை. தழும்பின் இரு பக்கத்திலும் உள்ள நல்ல அடுக்கை முதலில் உரித்து, தசையின் மட்டம் எங்கே இருக்கிறது என்று இருபுறமும் கண்டுகொண்டு, அந்த இரண்டு மட்டங்களையும் சேர்க்கும் கோட்டில் தழும்பை வெட்டுங்கள். மட்டம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அறுவை மருத்துவரிடம் அனுப்புவது தோல்வி ஆகாது. இந்தச் சிகிச்சையை வைத்து எந்தக் கருவிக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரியாக நடந்தது, ஆனால் நேரம் குறையவில்லை

குறிப்பேட்டைத் திறந்து, பொருத்திய நேரத்தைப் பாருங்கள். நூல் கிளிப்புக்காக ஸ்கோப்பை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் அது இரண்டு மூன்று நிமிட வேலை. பெருங்குடலின் வலப்பக்கத்திலிருந்து வெளியே வந்து மறுபடி அங்கே போய்ச் சேர்வது சில நாள் அரை மணிநேரத்தைத் தின்றுவிடும். வலப்பக்கக் குடலுக்கு ஸ்கோப்பின் துளை வழியாகவே போகும் கருவிகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, கட்டியின் அளவு. பெருங்குடலில் இழுவையைச் சோதித்த ஜப்பானியக் கூட்டாய்வில், ஒட்டுமொத்தத்தில் தெளிவான இலாபம் தெரியவில்லை. 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளிலும், அனுபவம் குறைந்த மருத்துவர்களின் கையிலும் நேரம் குறைந்தது. எங்களைப் போல ஆண்டுக்குச் சில சிகிச்சைகளே செய்யும் இடத்தில் இந்த இரண்டாவது செய்தி மிக முக்கியம் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கில் செய்து தேர்ந்த கைகளுக்கு இழுவை ஒரு வசதி. எங்கள் பயிற்சி மருத்துவருக்கு அது தளத்தைக் காட்டும் விளக்கு. ஆகவே மதிப்பீட்டு அறிக்கையில் யாருடைய கையில் அளந்தது என்பதைத் தனிப்பத்தியாக எழுதுங்கள்; என் நேரத்தையும் பயிற்சி மருத்துவரின் நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இருவரைப் பற்றியும் உண்மை சொல்லாத ஓர் எண்தான் கிடைக்கும்.

அறிகுறி: நோய்க்கூற்று மருத்துவர் விளிம்பைப் படிக்க முடியவில்லை என்கிறார்

கிளிப் கவ்விய இடத்தில் திசு நசுங்கியிருக்கும். கட்டியின் எல்லைக்கு வெளியே, குறியிட்ட புள்ளிகளுக்கும் கீறலுக்கும் இடையில் உள்ள நல்ல சளிச்சவ்வில் கிளிப்பைப் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. துண்டை வெளியே கொண்டுவரும்போது இழுவை நூலைப் பிடித்தே இழுத்துவிடாதீர்கள். வலையிலோ கவ்வியிலோ எடுங்கள். தக்கைப் பலகையில் ஊசி குத்தி விரிக்கும்போது, கிளிப் இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்புங்கள். அந்தக் குறி இல்லாவிட்டால், நசுங்கல் நம் கருவியால் வந்ததா நோயால் வந்ததா என்று நுண்ணோக்கியின் முன் இருப்பவர் யூகிக்க வேண்டியிருக்கும். அந்த யூகத்தின் மேல்தான் நோயாளிக்கு மேலும் அறுவை தேவையா என்ற முடிவு நிற்கிறது.

முடிவில் அவிழ்ப்பது

துண்டு விடுபட்டதும் உள்நங்கூரக் கருவியின் வளையத்தைக் கத்தரியாலோ கத்தியாலோ வெட்டி, துண்டை எடுங்கள். நங்கூரக் கிளிப்பைப் பிடுங்கப் போராட வேண்டாம். அங்கேயே விட்டால் பிறகு தானாக உதிர்ந்து மலத்தோடு போய்விடும். ஆனால் அது இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுப்பதானால் கிளிப்பின் வகையைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் நோயாளிகள் பலர் இங்கிருந்து பல மணிநேரப் பயணத்தில் உள்ள ஊர்களுக்குத் திரும்புகிறார்கள். அங்கே விபத்தோ வேறு நோயோ வந்தால் நம் கோப்பு அவர்களோடு போவதில்லை. ஆகவே கிளிப்பின் பெயர், எத்தனை உள்ளே இருக்கின்றன, எந்தத் தேதியில் வைத்தது, எம்ஆர்ஐக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் என்ற குறிப்பு ஆகியவற்றை ஓர் அட்டையில் ஆங்கிலத்திலும் நோயாளியின் மொழியிலும் எழுதி, சிஸ்டர் அதை அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கிறார்.